ஞானப்பூவை நான் மியூட் போட்ட கதை

கல்லறைத் தோட்டத்தின் நடுவில் நின்று எங்கள் ஐயர் மைக்கைப் பிடித்து, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார்.

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

இருநூறு பேராவது இருந்திருப்போம். கொரோனாக் கட்டுப்பாடெல்லாம் தளர்ந்து, எல்லோரும் ஒன்றாகக் கூடிக் கொண்டாடிய முதல் ஈஸ்டர். அதிகாலை ஐந்து மணி இருக்கும். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. வேப்பம்பூ வாசனையும் மெழுகுவர்த்தி வாசனையும் கலந்து வந்தது. எங்கள் தோட்டத்து மண் கரிசல் மண். வெயில் தொடங்கிவிட்டால் பாளம் பாளமாக வெடித்துவிடும். அந்த வெடிப்புகளில்தான் மெழுகுவர்த்தியை ஊன்றி வைப்போம். தனியாக ஸ்டாண்டு எதுவும் தேவைப்படாது.

எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். ஈஸ்டர் காலையில் அவர் அந்த ஒரு வரியைச் சொன்னதும், சபை மொத்தமும் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று பதில் சொல்ல வேண்டும். மூன்று தடவை அவர் சொல்வார், மூன்று தடவை நாங்கள் சொல்வோம். பிறகு பாட்டுப் பாடிக்கொண்டே ஆலயத்துக்கு நடப்போம். கைக்குழந்தைகளைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த பதில்தான் அது.

ஐயர் சின்ன வயதுக்காரர். ஊரடங்குக்குச் சில மாதம் முன்புதான் மாற்றலாகி வந்திருந்தார். எங்கள் எல்லோரையும் நேரில் வைத்துக்கொண்டு அவர் நடத்திய முதல் ஈஸ்டரும் இதுதான். மைக்கில் கோளாறோ என்று நினைத்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். அது நன்றாகவே வேலை செய்தது. வேலியோரம் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது.

மறுபடியும் சொன்னார். மறுபடியும் அதே அமைதி.

எனக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் மெதுவாக, "என்னட்டி, எல்லாரும் மியூட்ல இருக்காவளா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சபையை இரண்டு வருஷம் மியூட்டில் வைத்திருந்ததே நான்தான்.

மூன்று நிமிடம் ஆச்சு

இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் குப்பை கொட்டியது தெரியும். இன்றைக்குத்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் லில்லி. கோவில்பட்டியில் ட்ரங்க் கால் போட்டுக் கொடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தேன்.

தீப்பெட்டி வியாபாரிகள் வடக்கே பேசுவதற்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். லைன் கிடைத்ததும் அவர்கள் போடும் சத்தத்துக்குக் கம்பியே வேண்டாம் என்று தோன்றும். மூன்று நிமிடம் ஆனதும் நான் குறுக்கே புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, தொடரலாமா?" என்று கேட்க வேண்டும். கேட்டேன், கேட்டேன், முப்பது வருஷம் அதையேதான் கேட்டேன்.

கடம்பூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், பம்பாயில் இருக்கும் மகளோடு பேச மாதம் ஒரு தடவை வருவார். "நல்லாருக்கியா?" என்பார். அவள் "நல்லாருக்கேன்ப்பா, நீங்க நல்லாருக்கீயளா?" என்பாள். "நான் நல்லாருக்கேன், நீ நல்லாருக்கியா?" என்பார். மூன்று நிமிடமும் இதுவே ஓடும். நான் குறுக்கிட்டதும் பதறிப்போய், "இன்னும் ஒண்ணுமே பேசலியேம்மா" என்பார். அவருக்கு மட்டும் இரண்டொரு தடவை அரை நிமிடம் கூட விட்டிருக்கிறேன். மற்றபடி நான் கறார்.

கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கம் திருப்பிக் கட்டுகிற பழக்கம் அப்போது வந்ததுதான். ஹெட்போனும் கையுமாக இருக்கும்போது மணிக்கட்டைத் திருப்ப முடியாது அல்லவா. வேலையை விட்டு வந்தும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

இன்னொரு பழக்கமும் அங்கிருந்து வந்தது. அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வேறு அவசரக் காலுக்காகச் சில சமயம் லைனை நாங்களே வெட்டிவிடுவோம். கேட்டால், "லைன் கட்டாயிட்டு" என்போம். எக்ஸ்சேஞ்சில் எல்லோரும் கூசாமல் சொன்ன பொய் அது. கேட்கிறவர்களும் கம்பியைத் திட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

மியூட் அக்கா

முதல் ஊரடங்கில் ஆலயத்தைப் பூட்டியதும், போனிலேயே ஜெபக் கூட்டம் நடத்தலாம் என்றார் ஐயர். முதல் கூட்டம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. புதூரிலிருந்து சேர்ந்தவர் வீட்டு ஆடுகள் பத்துக் கட்டளைகளின் ஊடே விடாமல் கத்தின. ஒரு அம்மா கணவரைப் பார்த்து, "அந்தச் சட்டையத்தான் போட்டுக்கிட்டு ஒக்காரணுமா?" என்று கேட்டது எழுபது வீட்டிலும் கேட்டது.

மறுநாள் ஐயர் எனக்குப் போன் போட்டார். "நீங்க எக்ஸ்சேஞ்சுல இருந்தவங்கதானக்கா. யாரு பேசணும், யாரு பேசக்கூடாதுன்னு நீங்களே பாத்துக்கோங்க."

அப்படி வந்து சேர்ந்தது எனக்கு அந்தப் பொத்தான். அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணிக்கு அதற்குமுன் அப்படி ஓர் அதிகாரத்தை எங்கள் சபை கொடுத்ததில்லை. பாடகர் குழுத் தலைவரின் குறட்டையை அடக்கினேன். ஆடுகளை அடக்கினேன். பிரசங்கத்துக்கு நடுவே இருமிய சபைக் கமிட்டிக்காரரையும் விடவில்லை. பிள்ளைகள் எனக்கு மியூட் அக்கா என்று பெயர் வைத்தார்கள். உள்ளூர எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்கிறவர்களுக்கு மூன்று நிமிடம் என்று ஒரு சட்டமும் போட்டேன். எங்கிருந்து எடுத்த சட்டம் என்று சொல்லத் தேவையில்லை.

போனிலேயே வந்த முதல் ஈஸ்டரில் ஐயர் அந்த வரியைச் சொல்ல, எழுபது போனும் எழுபது நேரத்தில் பதில் சொன்னது. "மெய்யாகவே" என்ற ஒரு சொல் முடிய ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அடுத்த வருஷம் பாதிப் பேர் மட்டும் ஆலயத்துக்கு வரலாம், வயதானவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலிருந்து சேர்ந்த எங்களை எல்லாம் மியூட்டில் போட்டுவிட்டு, ஒரே ஒரு ஆளை மட்டும் பதில் சொல்ல விட்டேன்.

அந்த ஆள் ஞானப்பூ.

விசில் தேவைப்படாத டீச்சர்

ஞானப்பூவும் நானும் ஆறாம் வகுப்பிலிருந்து சேர்ந்து திரிகிறவர்கள். என் வேலை காதில், அவள் வேலை தொண்டையில் என்று சொல்லிச் சிரிப்போம். அவள் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் விசில் தொங்கும், ஊதி நான் பார்த்ததில்லை. அவள் மைதானத்தில் "அட்டென்ஷன்" என்றால் தெருவில் சைக்கிளில் போகிறவன் இறங்கி நிற்பான்.

ஈஸ்டர் காலையில் பதில் வரியைத் தொடங்குவது எப்போதும் அவள்தான். யாரும் நியமிக்கவில்லை. ஐயர் முடிக்கும் முன்பே அவள் "மெய்யாகவே" என்று எடுத்துவிடுவாள், நாங்கள் பின்னாலேயே போவோம். எத்தனையோ ஐயர்மார் வந்தார்கள், போனார்கள். இரண்டாவது வரி அவளுடையதாகவே இருந்தது.

அவள் கணவர் தங்கராஜ் அண்ணன் அவளுக்கு நேர் எதிர். அரசு பஸ் டிரைவர், பசுவந்தனை வழியில் நெடுங்காலம் ஓட்டினார். அவர் பேசி நான் கேட்டது மொத்தமும் சேர்த்து ஒரு ட்ரங்க் காலுக்குக் காணாது. ஆனால் அவர் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் கிடையாது. காட்டுப் பாதையில் யாராவது ஓடி வருவது தெரிந்தால் நிறுத்தி வைத்துக் காத்திருப்பார். அதற்காக மேலதிகாரிகளிடம் திட்டும் வாங்கியிருக்கிறார்.

அந்த இரண்டாவது ஈஸ்டருக்கு அடுத்த மாதம் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தது. எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒன்பதாவது நாள் போய்விட்டார்.

என் கட்டைவிரல்

அந்த மே மாதத்தில் எந்தச் சாவுக்கும் யாரும் போக முடியவில்லை. நானும் போகவில்லை. எங்கள் வீட்டிலும் இருவருக்குக் காய்ச்சல். ஞானப்பூவின் மகன் துபாயில், விமானம் கிடையாது. ஐயரே படுக்கையில். யாரோ தன்னார்வலர்கள் அடக்கம் செய்தார்கள் என்று மட்டும் கேள்விப்பட்டோம்.

ஒரு வாரம் கழித்து அண்ணனுக்காகப் போனில் ஒரு ஜெபக் கூட்டம் வைத்தோம். ஐயர் எழுந்து உட்கார்ந்துவிட்டார், இருமிக்கொண்டே நடத்தினார். முடிவில் ஞானப்பூ, "நான் கொஞ்சம் பேசணும்" என்றாள். அழவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதிலிருந்து ஒவ்வொன்றாக, வகுப்பில் வருகை எடுப்பது போலச் சொல்லிக்கொண்டே வந்தாள். என்னால் கேட்க முடியவில்லை. கண்ணைத் தாழ்த்தினேன். தாழ்த்திய இடத்தில் கடிகாரம் இருந்தது. மூன்று நிமிடம் ஆகியிருந்தது.

என் கட்டைவிரல் போய்ப் பொத்தானை அழுத்திவிட்டது.

தெரியாமல் பட்டுவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் விரலுக்கு நன்றாகத் தெரியும். முப்பது வருஷப் பழக்கம் பாதி, அவள் சொல்வதைக் கேட்கிற தைரியம் இல்லாதது மீதி.

திரையில் அவள் வாய் அசைந்துகொண்டே இருந்தது. தன் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி அழுத்தியிருக்கலாம். அதற்குள் அவள் முடித்துவிட்டாள் என்று நினைத்து ஐயர் ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் கண்ணை மூடிவிட்டார்கள். நான் மட்டும் திறந்த கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பேச்சை நிறுத்தி, போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பிறகு அந்தக் கட்டம் கறுப்பாகிவிட்டது.

உடனே அவளுக்குப் போன் செய்தேன். "லைன் கட்டாயிட்டுட்டி" என்றேன்.

"அப்படியா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அத்தோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். பதினோரு மாதம். கடம்பூர் போளி வாங்கிக்கொண்டு இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். போளி உள்ளே போனது, நான் வாசலோடு திரும்பினேன். இரண்டு தடவையும் வாசலில் நின்று "லைன் கட்டாயிட்டு" என்றே சொன்னேன். உண்மையைச் சொன்னால் அவளை ஒரேயடியாக இழந்துவிடுவேன் என்று பயம். ஐம்பது வருஷச் சினேகிதி. அவள் இல்லாமல் எனக்குச் சண்டை போடக்கூட ஆள் கிடையாது.

என் போன் குரல்

இப்போது கல்லறைத் தோட்டத்துக்கு வருவோம்.

இரண்டு தடவை பதில் வராததற்குக் காரணம் மியூட் இல்லை. எல்லோரும் ஞானப்பூ தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் தங்கராஜ் அண்ணனின் கல்லறைப் பக்கம் தனியாக நின்றுகொண்டிருந்தாள். காலடியில் மண் வெடிப்பில் ஒரு மெழுகுவர்த்தி. உதட்டை இறுக்கி மூடியிருந்தாள்.

ஐயர் மூன்றாவது தடவை சொன்னார். குரல் கொஞ்சம் பரிதாபமாக இருந்தது.

இப்போதும் பதில் வராவிட்டால் அது என்னால்தான் என்று தோன்றியது. வாயைத் திறந்தேன். "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்."

என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் காதுக்குள் மெதுவாகப் பேசிப் பழகிய குரல். அந்த விடியலில், அத்தனை பேர் நடுவில், அது "எந்த நம்பர் வேணும்?" என்று கேட்கிற தொனியிலேயே வந்தது. ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு சிரிப்பு எழுந்தது. சிரிப்போடு சிரிப்பாகச் சபை மொத்தமும் பதில் சொல்லிவிட்டது. ஐயர் முகத்தில் உயிர் வந்தது.

ஞானப்பூ மட்டும் சொல்லவில்லை. ஆனால் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பதினோரு மாதத்தில் முதல் பார்வை. அதில் கோபம் இருந்ததா என்று இருட்டில் தெரியவில்லை.

நோன்பு நேரத்து இட்லி

ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்தில் எல்லோருக்கும் காலைச் சாப்பாடு. இட்லி, சாம்பார், கேசரி, ஆளுக்கொரு கடம்பூர் போளி. இரண்டு வருஷமாக ஒன்றாகச் சாப்பிடாத ஜனம். வரிசை கேட் வரை நின்றது. முகக்கவசம் போட்டிருந்த காலத்தில் முளைத்திருந்த மீசைகளையும் விழுந்திருந்த பற்களையும் பார்த்து ஆளுக்காள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

கேட் பக்கம் நாலு ஆண்கள் தயங்கி நின்றார்கள். ஒருவரை எனக்குத் தெரியும். பள்ளிவாசல் தெருவில் பேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் மீரான். வளையல், ரிப்பன் எல்லாம் அவர் கடையில்தான் வாங்குவோம். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் விருந்தாளிகளைக் கண்டதும் தட்டோடு பாய்ந்துவிட்டார்கள்.

"நோன்புக்கா" என்றார் மீரான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

அந்த வருஷம் ஈஸ்டரும் ரம்ஜான் நோன்பும் ஒன்றாக வந்திருந்தன. அது யாருக்கும் நினைவில்லை.

"ஒரே ஒரு இட்லி தம்பி. சின்னது."

"சின்னதும் ஆகாதுக்கா. தண்ணியே குடிக்கக்கூடாது."

"அப்ப ஏன் சாப்பாட்டு நேரமாப் பாத்து வந்தீய?" என்று கேட்டுவிட்டாள் சங்கத்தில் ஒருத்தி. கேட்ட பிறகுதான் கேள்வியின் லட்சணம் அவளுக்கே உறைத்தது.

மீரான் சிரித்தார். "ஞானப்பூ டீச்சர் வரச்சொன்னாவ. அவியளுக்கும் நோன்பு ஞாபகமில்ல போல. கூப்பிட்ட பெறவு வரமாட்டேம்னு எப்படிச் சொல்ல?"

நான் அவரைத் தனியாக அழைத்துப் போய் டீச்சரை எப்படிப் பழக்கம் என்று கேட்டேன்.

"பழக்கம் அண்ணன்கிட்டத்தான்க்கா. பசுவந்தனைல எங்க மாமா வீட்ல இருந்துதான் படிச்சேன். தெனமும் லேட்டாத்தான் ஓடியாருவேன். அண்ணன் பஸ்ஸ நிப்பாட்டி வச்சிருப்பாவ. ஒரு நாளும் ஒரு வார்த்தை ஏசினதில்ல." கேட் பக்கம் நின்ற மற்ற மூவரையும் கையால் காட்டினார். "அவிய மவுத்தானப்ப அடக்கம் பண்ண ஆள் இல்லன்னு கேள்விப்பட்டோம். நாங்க நாலு பேரும் போனோம். டீச்சர் உங்ககிட்டச் சொல்லலியா? போன் ஜெபத்துல எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன் தம்பின்னு அப்பவே சொன்னாவளே."

என் கையில் இருந்த இட்லித் தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

நான் வெட்டிய பேச்சு அதுதான்.

மைக்

சாப்பாட்டு நேரத்து அறிவிப்புகள் சங்கச் செயலாளரான என் பொறுப்பு. நாற்காலி திருப்பித் தர வேண்டியது, மறந்து வைத்த குடை, இப்படி நாலு சேதி எழுதி வைத்திருந்தேன். மைக்கை எடுத்தேன். தாளை மடித்தேன்.

"போன வருசம் தங்கராஜ் அண்ணன் ஜெபத்துல ஞானப்பூ டீச்சர் பேசுனது பாதியில நின்னுது. லைன் கட்டாயிட்டுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். அவகிட்டயும் சொன்னேன். லைன் கட்டாகல. நான்தான் கட் பண்ணேன்."

அவ்வளவுதான் எனக்கு வந்தது. இட்லி கேட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ஞானப்பூ வரிசையில் நின்றபடியே என்னைப் பார்த்தாள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள், மைக் இல்லாமல். கேட் வரை கேட்டது.

"தெரியும்னு எனக்கும் தெரியும்டி. மிச்சத்தச் சொல்லுதியா?"

அவள் உடனே வரவில்லை. கையிலிருந்த தட்டைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். மைதானத்துக்கு இறங்கும்போது அவள் செய்வது அது. வந்து மைக்கை வாங்கினாள். பிறகு அது எதற்கு என்பதுபோல் என்னிடமே திருப்பித் தந்துவிட்டாள்.

விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். பதினோரு மாதமும் அந்த இடத்தை அடையாளம் வைத்திருந்திருக்கிறாள்.

நாலு பேரையும் முன்னால் வரச் சொல்லிப் பெயர் சொன்னாள். மே மாதக் கரிசல் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். மேலே வெடிப்பு, கீழே பாறை. முந்தின நாளே தண்ணீர் விட்டு ஊறப்போட்டால்தான் கடப்பாரை இறங்கும். அதற்கு நேரம் இருக்கவில்லை. உச்சி வெயிலில், மூச்சு முட்டுகிற அந்தப் பிளாஸ்டிக் உடுப்புக்குள் நின்று இவர்கள் தோண்டியிருக்கிறார்கள். தொற்றுக்குப் பயந்து ஞானப்பூவைக் கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள்.

"குழியில எறக்கிட்டு இந்த மீரான் தம்பி என்னப் பாத்து, டீச்சர், உங்க முறைக்கு என்ன சொல்லணுமோ அங்கன இருந்தே சொல்லுங்க, அதுவரைக்கும் நாங்க மண்ணு போடாம நிக்கோம்னு சொன்னாரு. எனக்கு ஒண்ணுமே வரல. ஜெபப் புஸ்தகம் வீட்ல கெடக்கு. ஐயர் காய்ச்சல்ல கெடக்காவ. இத்தன வருசமா நான் சத்தம் போட்டுச் சொன்னது ஒரே ஒரு வரிதான். அதையே சொன்னேன். முதல் வரி சொல்ல ஆளில்ல. ரெண்டாவது வரிய மட்டும் சொன்னேன். மூணு தடவ."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். நான்தான் என்று பிறகு தெரிந்தது.

"இவிய நாலு பேரும் அது முடியுற மட்டும் அப்படியே நின்னாவ. இன்னைக்குக் காலைல ஐயர் முதல் வரியச் சொல்லுதாவ, எனக்கு வாய் தெறக்கல. கோவமெல்லாம் இல்ல. நான் பதில் சொல்லிப் பதினோரு மாசம் ஆச்சு. கேள்வி இப்பத்தான் வருது."

பிறகு அந்த நாலு பேரையும் பார்த்துக் கும்பிட்டாள். "இத எல்லாருக்கும் சொல்லணும்னுதான் அன்னைக்குப் பேச வந்தேன். சொல்லிட்டேன்."

ஐயர் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு எதிரில் வந்து நின்றார். "டீச்சர், அன்னைக்கு நான் வந்து சொல்லியிருக்கணும். இப்ப சொல்லுதேன்" என்றார். மைக் இல்லை. இரண்டு எட்டுத் தூரத்தில் நிற்கிறவளிடம் சொல்கிற குரலில், "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்றார்.

ஞானப்பூ மூச்சை இழுத்தாள். பிறகு சொன்னாள் பாருங்கள். புங்கமரத்துக் காக்கைகள் மொத்தமும் கிளம்பிவிட்டன. தெருவில் பால்காரர் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார். நாங்கள் அவள் பின்னாலேயே போனோம், எப்போதும் போல. மூன்று தடவை.

மீரானும் மற்றவர்களும் அப்போதும் அதேபோல அசையாமல் நின்றார்கள்.

சாம்பார் ஆறிப்போயிருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. இட்லி சாயங்காலம் வரை தாங்காது, போளி தாங்கும் என்று சங்கம் கூடி முடிவு செய்து, நோன்பு திறக்கும்போது சாப்பிடச் சொல்லி நாலு பேருக்கும் பெரிய பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தோம். அவர்கள் தெருவுக்கே காணும்படியான பொட்டலம்.

ஞானப்பூ தட்டோடு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி லில்லி, எத்தன நிமிசம் பேசுனேன்?"

"பாக்கலட்டி" என்றேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். கடிகாரம் எப்போதும் போல உள்ளங்கைப் பக்கம் இருந்தது. அவள் பேசத் தொடங்கிய நிமிடமும் முடித்த நிமிடமும் எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். பதினேழு நிமிடம்.

"பரவால்ல" என்றாள். "லைன் கட்டாயிட்டுன்னதுக்கு இந்தப் பொய் நல்லாருக்கு."

தன் தட்டிலிருந்த போளியை எடுத்து என் தட்டில் வைத்தாள்.